மூச்சு பெருகினால் பலம் பெருகுமா?

(திருப்பூரில் பனியன் தொழிலாளத் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்றைய தினம் நாம் பேச எடுத்துக் கொண்டது சாமியைப் பற்றியோ சாதியைப் பற்றியோ அல்ல; மூச்சைப் பற்றியாகும். இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற வாரம் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். உடற்பயிற்சிக் கூடத்தில் கொடுத்தார்களாம். "ஏனுங்க, இந்தக் கீட்டோன் பொடியைக் கரைச்சுக் குடிச்சா மூச்சு நல்லாப் பெருகி, ஒன்றரை ஷிப்ட் பார்த்தாலும் களைப்பே தெரியாதுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?" என்று கேட்டார். "யார் சொன்னது?" என்றோம். "விற்கிறவர் சொன்னாருங்க. வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காங்களாம்" என்றார். டப்பாவின் விலையைக் கேட்டோம். சொல்ல வெட்கப்பட்டார். பல நாள் கூலியை அதில் போட்டிருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

தோழர்களே! விற்கிறவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. முழுப் பொய்யை நம்மவர் எப்படியும் ஒரு நாள் கண்டுகொள்வார்கள். பாதி உண்மையோ, மீதிப் பொய்யையும் தன் முதுகில் சுமந்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்துவிடும். ஆகவே உண்மை எவ்வளவு, சரக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, கீட்டோன் என்பது என்ன? அது மந்திரமும் அல்ல, மாயமும் அல்ல. நாம் சோறு தின்றால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாகி உடம்புக்கு எரிபொருளாகிறது. சோறு இல்லாமல் நெடுநேரம் கிடந்தால், உடம்பு தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் கொழுப்பை எடுத்து எரிக்கத் தொடங்குகிறது. அப்போது கல்லீரல் அந்தக் கொழுப்பிலிருந்து சில சரக்குகளைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. அவைகளுக்குத்தான் கீட்டோன் என்று பெயர். மூளையும் இருதயமும் அவைகளை எரித்துக் காலம் தள்ளும். அவற்றில் இரண்டு புளிப்புச் சரக்குகள், அதாவது அமிலங்கள். மூன்றாவது அசிட்டோன், நகப்பூச்சைக் கழுவும் திரவத்தில் வீசும் வாசனை அதனுடையதே. அது மூச்சில் வெளியே வரும். பட்டினி கிடப்பவன் வாயில் ஒரு மாதிரிப் பழ வாசனை அடிப்பது இதனால்தான்.

பட்டினி கிடக்காமலே இந்தக் கீட்டோனை வாயால் குடித்தால் என்ன என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையிலும் அமெரிக்காவிலும் பல வருஷம் பாடுபட்டு ஒரு திரவத்தைச் செய்தார்கள். அதற்குக் கீட்டோன் எஸ்டர் என்று பெயர். இதைத் தவிர, கீட்டோனைச் சோடியம் முதலியவைகளோடு சேர்த்து உப்பாக்கிப் பொடியாகவும் விற்கிறார்கள். திரவம் வேறு, பொடி வேறு என்பதை மட்டும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி மூச்சுக்கு வருவோம். மூச்சை நடத்துவது எது? பிராணவாயு குறைவதால்தான் மூச்சு வாங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இப்போது இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்தபடி ஒரு கணம் மூச்சை அடக்கிப் பாருங்கள். சிறிது நேரத்தில் நெஞ்சு முட்டி, விடு விடு என்கிறது. அதற்குள் உங்கள் இரத்தத்தில் பிராணவாயு தீர்ந்துவிட்டதா? இல்லை. வெளியே போக வேண்டிய கரியமிலவாயு உள்ளே தேங்கியதுதான் முக்கிய காரணம். இதை ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரு விஞ்ஞானிகள் 1905-ம் வருஷத்திலேயே பரீட்சை செய்து காட்டினார்கள். மூளையின் அடித்தண்டிலும், கழுத்தில் இரத்தக் குழாய் பிரியும் இடத்திலும் இதைக் கவனிக்கும் காவற்காரர்கள் இருக்கிறார்கள். கழுத்துக் காவற்காரர்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காகக் ஹேமன்ஸ் என்ற பெல்ஜிய நாட்டு விஞ்ஞானிக்கு 1938-ம் வருஷத்து நோபல் பரிசு கிடைத்தது. இரத்தத்தில் கரியமிலவாயு ஏறினாலும் சரி, புளிப்பு ஏறினாலும் சரி, இந்தக் காவற்காரர்கள் உடனே, "மூச்சை அதிகமாக விடு" என்று உத்தரவு போடுவார்கள்.

புளிப்புக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சாயப்பட்டறைத் தோழர்கள் இங்கு இருக்கிறீர்கள். உங்களுக்கு இதை நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. துணியில் சாயம் பிடிப்பதற்குச் சோடா ஆஷ் போடுகிறீர்கள். பிறகு அந்தக் காரம் துணியில் தங்கிவிடக் கூடாது என்று அசிட்டிக் ஆசிட் விட்டு முறிக்கிறீர்கள். பி.எச். காகிதத்தை நனைத்து நிறம் பார்க்கிறீர்கள். அளவு தப்பினால் சாயம் கெட்டது, லாட்டு முழுதும் திரும்பி வந்தது, இல்லையா? உங்கள் உடம்பும் அப்படி ஒரு சாயப்பட்டறைதான். இரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அதைக் காப்பதற்கு இரத்தத்தில் ஒரு சோடா கரைந்திருக்கிறது. அது நம் வீட்டுப் பெண்கள் மாவில் போடுகிற ஆப்பச்சோடாவின் சத்தேதான். ஆப்பச்சோடாவில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் பொங்குகிறதே, அந்தப் பொங்கலில் வருவது கரியமிலவாயு. இரத்தத்திலும் புளிப்பு வந்து இந்தச் சோடாவோடு சேர்ந்தால் கரியமிலவாயு பிறக்கிறது. பாத்திரத்தில் போல நுரைக்காது. இரத்தத்தில் கரைந்தபடியே நுரையீரலுக்குப் போய் மூச்சு வழியாக வெளியேறும். அதை வெளியேற்றத்தான் மூச்சு பெரிதாகிறது. அதாவது, நம் மூச்சுதான் நம் இரத்தத்துக்கு ஆசிட் அளவைச் சரிபார்க்கும் மேஸ்திரி.

இப்போது கீட்டோன் திரவத்தைக் குடித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே விளங்கியிருக்கும். குடித்த ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறுகிறது. சாதாரணமாகச் சாப்பிட்டிருக்கிற மனிதனுக்கு ஒரு லிட்டர் இரத்தத்தில் அரை மில்லிமோலுக்கும் குறைவாக இருப்பது, இரண்டு, மூன்று என்று போகிறது. 2017-ம் வருஷம் ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆராய்ச்சியில், நோயில்லாத மனிதர்களுக்குத் திரவத்தைக் கொடுத்தபோது இரத்தத்தின் பி.எச். 7.4-ஐ ஒட்டி இருந்தது 7.3-ஐ ஒட்டி இறங்கிற்று. அதன் பின் வேறு பல இடங்களில் நடந்த பரீட்சைகளிலும், திரவம் குடித்தவர்களுக்கு மூச்சு விடும் அளவு கூடியதையும், இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்ததையும் கண்டார்கள். சில மணி நேரத்தில் கீட்டோன் எரிந்து தீர, எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. நோயில்லாத உடம்புக்கு இதனால் பெரிய கெடுதி ஒன்றும் இல்லை. சிலருக்குக் குமட்டலும் வயிற்றுக் கோளாறும் உண்டாகின்றன. இவ்வளவுதான் உண்மை.

விற்கிறவர் இந்த உண்மையை எடுத்துக்கொண்டு என்ன செய்கிறார்? "பார், மூச்சு பெருகுகிறது! ஆகவே பலம் பெருகுகிறது!" என்கிறார். தோழர்களே! யோசித்துப் பாருங்கள். நாய் துரத்தினாலும் மூச்சு பெருகுகிறது. நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் அடித்தாலும் மூச்சு பெருகுகிறது. கடன்காரன் வாசலில் வந்து நின்றாலும் சிலருக்கு மூச்சு பெருகுகிறது. இவைகளையெல்லாம் டப்பாவில் அடைத்துப் பலம் என்று விற்கலாமா? திரவம் குடித்தவனுக்கு மூச்சு கூடியது, நுரையீரல் உறுதிப்பட்டதால் அல்ல. புதிதாக வந்து சேர்ந்த புளிப்பை வெளியேற்ற வேண்டிய வேலை அதற்கு மேலும் ஒன்று கூடியதால். கூலி கூடாமல் வேலை மட்டும் கூடினால் அதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?

இதில் நல்லது ஒன்றுமே இல்லையா என்று நியாயமாகக் கேட்கலாம். இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டோம். மலை உச்சியில் காற்று லேசாக இருக்கும். அங்கே இரத்தத்தில் பிராணவாயு குறையும். அப்படிப்பட்ட காற்றை அறையில் உண்டாக்கிச் செய்த சில பரீட்சைகளில், கீட்டோன் திரவம் குடித்தவர்களுக்கு மூச்சு கூடியதால் பிராணவாயு அவ்வளவு குறையவில்லை என்று கண்டிருக்கிறார்கள். இது கவனிக்கத்தக்க விஷயம், மேலும் ஆராயத்தக்கது. ஆனால் நொய்யல் கரையிலே, சமவெளியிலே, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு இமயமலை மருந்து எதற்கு? நோயில்லாதவனுக்கு இங்கே இரத்தத்தில் பிராணவாயு ஏற்கெனவே ஏறக்குறைய நிறைந்துதான் இருக்கிறது. நிறைந்த குடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்றுவது?

ஓட்டக்காரர்களுக்கும் சைக்கிள் பந்தயக்காரர்களுக்கும் இதைக் கொடுத்தும் பார்த்தார்கள். 2016-ல் வந்த ஒரு ஆராய்ச்சி பலன் உண்டு என்றது. அதன் பின் வந்தவை பலவற்றில் பலன் காணவில்லை. ஒன்றில் குடித்தவர்கள் குடிக்காதவர்களை விடப் பின்தங்கியே போனார்கள். 2025-ல் உலக சைக்கிள் பந்தய சங்கமே, இதனால் பலன் உண்டென்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை, இதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை என்று தெரிவித்துவிட்டது. மலையேறி மலையிறங்கிச் சைக்கிள் மிதிப்பவனுக்கே சிபாரிசு இல்லாத சரக்கு, செக்கிங் டேபிளில் நிற்கிற நம் சகோதரிக்கு எதற்கு?

நிற்க. நம் தோழர் கொண்டுவந்த டப்பாவில் இருந்தது திரவமா? இல்லை, பொடி. பொடி என்றால் பெரும்பாலும் உப்பு வகை. மூச்சைப் பற்றி நாம் மேலே சொன்ன பரீட்சைகள் திரவத்தை வைத்துச் செய்தவை. உப்பு வகையில் அமிலம் ஏற்கெனவே சோடியம் முதலியவைகளோடு கட்டுண்டு இருப்பதால், அது இரத்தத்தை அப்படிப் புளிக்கச் செய்வதில்லை. கீட்டோனும் அவ்வளவு ஏறுவதில்லை. அதோடு உப்பும் அதிகமாக உள்ளே போகிறது. இரத்த அழுத்தக்காரர்களுக்கு அது ஆகாது. அப்படியானால் விற்கிறவர் செய்தது என்ன? பட்டுக்கு வாங்கிய சர்டிபிகேட்டைக் காட்டிக் கோணிச்சாக்கை விற்றிருக்கிறார். நீரிழிவைத் தீர்க்கும், உடல் பருமனைக் குறைக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே தடுத்து 1954-ல் இந்நாட்டில் சட்டம் செய்தாயிற்று. சட்டம் இருந்தென்ன? கேட்கிறவன் கேள்வி கேட்காதவரையில் சொல்லுகிறவன் வாய்க்குப் பூட்டு இல்லை.

பொடி வியாபாரியைச் சொன்ன நாம் விரத வியாபாரிகளைச் சொல்லாமல் விட்டால் அது பட்சபாதமாகும். நாள் கணக்கில் விரதம் இருந்தவன் வாயில் வாசனை வீசினால் அது தெய்வ கடாட்சம் என்றும், மூச்சு ஆழமாக வந்தால் பிராண சக்தி ஏறிவிட்டது என்றும் சொல்லுகிறவர்கள் நம்மில் உண்டு. அந்த வாசனை அசிட்டோன். அந்தப் பிராண சக்தி கல்லீரல் செய்த புளிப்பு. பக்தனுக்கும் இதே வாசனைதான், சோற்றுக்கு வழியில்லாத பஞ்சைக்கும் இதே வாசனைதான். கடாட்சமாக இருந்தால் பஞ்சைக்கு ஏன் அது இரங்கவில்லை?

இதற்கு உலகறிந்த ஒரு சம்பவம் உண்டு. 1948 ஜனவரி 13-ந் தேதி டில்லியில் காந்தியார் பட்டினி தொடங்கினார். சில நாளில் அவரது சிறுநீரில் அசிட்டோன் கண்டுவிட்டது என்று வைத்தியர்கள் கவலைப்பட்டார்கள். தமக்கு இராமனிடத்தில் நம்பிக்கை போதாததுதான் அதற்குக் காரணம் என்ற கருத்தில் அவர் பேசியதாகவும், உடனிருந்து வைத்தியம் பார்த்தவர் இதற்கும் இராமனுக்கும் சம்பந்தமில்லை என்று மறுத்துச் சொன்னதாகவும் அவருடைய காரியதரிசி பியாரிலால் எழுதிய வரலாற்றில் காணப்படுகிறது. 18-ந் தேதி பட்டினியை முடித்தார். அந்தப் பட்டினி மத வெறியை அடக்குவதற்காக இருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அதே மத வெறி அவரைச் சுட்டுக் கொன்றது. அவரை இகழ்வதற்காக இதை நாம் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய மனிதர் நம்பிக்கையின் பேரால் சொன்ன காரணத்தை, பக்கத்திலிருந்த வைத்தியர் பணிவோடு, ஆனால் பயப்படாமல் மறுத்தாரே, அந்தத் துணிவுதான் நமக்கு வேண்டியது என்பதற்காகச் சொல்லுகிறோம்.

இனி, இன்றைய பேச்சில் மிக முக்கியமான பகுதிக்கு வருகிறோம். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நோயில்லாத உடம்பில் கீட்டோன் ஓர் அளவுக்கு மேல் போகாமல் இன்சுலின் என்ற சரக்கு கடிவாளம் போட்டு வைத்திருக்கிறது. நீரிழிவு முற்றி இன்சுலின் இல்லாமல் போனவர்களுக்கு அந்தக் கடிவாளம் அறுந்துவிடுகிறது. கீட்டோன் பத்து மில்லிமோலையும் தாண்டிப் போகும். இரத்தம் புளித்துப் போகும். அப்போது வருகிற மூச்சைப் பார்த்தால் தெரியும்: ஓடி வந்தவன் போல, ஓய்வில்லாமல், ஆழமாக, பெருமூச்சாக வரும், வாயில் பழ வாசனை அடிக்கும். 1874-ல் குஸ்மால் என்ற ஜெர்மன் வைத்தியர் இதைக் கண்டு எழுதினார். அந்தக் காலத்தில் இந்த மூச்சு வந்தவர் பிழைப்பதில்லை. 1921-ல் கனடா தேசத்து டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் முதலியவர்கள் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரியில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக அதை ஊசியில் கொடுத்தார்கள். சாகக் கிடந்த பையன் எழுந்தான். எந்தத் தீர்த்தமும் எந்தத் திருநீறும் அதற்கு முன் ஒருவரைக்கூட அப்படி எழுப்பியதில்லை.

அப்படி இருந்தும், இன்றைக்கும் நம் ஊர்ப்புறத்தில் ஒரு பிள்ளைக்கு இந்த மூச்சு வந்தால் என்ன செய்கிறார்கள்? காற்று, கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வேப்பிலை அடித்துத் தாயத்துக் கட்டி ஒரு இரவைக் கழிக்கிறார்கள். அந்த ஒரு இரவுதான் தோழர்களே, அந்தப் பிள்ளையின் உயிர். மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்று வலி, மயக்கம், இவைகளோடு ஆழமான வேகமான மூச்சும் கண்டால், பூசாரி வீட்டுக்கும் போக வேண்டாம், மருந்துக் கடைக்கும் போக வேண்டாம். 108-க்குச் சொல்லி நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் என்று "கிளிப்ளோசின்" என முடியும் மாத்திரைகள் இப்போது பரவலாகக் கொடுக்கப்படுகின்றன. நல்ல மாத்திரைகள்தான். ஆனால் அவைகளைச் சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடந்தாலோ, சோற்றை அறவே விட்டுக் கொழுப்பு மட்டும் தின்னும் உணவு முறைக்குப் போனாலோ, சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோன் ஏறி ஆபத்து வரலாம் என்று 2015-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா எச்சரித்தது. ஆகவே நாமாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது, வைத்தியரைக் கேட்காமல் விரதமோ கீட்டோ உணவோ கீட்டோன் பொடியோ தொடங்கவும் கூடாது. இது யாருக்கோ சொல்லுகிற சொல் அல்ல. இந்நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென்று சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சேர்ந்து செய்த கணக்கு 2023-ல் வெளிவந்தது. இந்தக் கூட்டத்திலேயே, தனக்கு இருப்பது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் இருக்கலாம். வீடு தேடி வந்து சோதிக்கும் திட்டம் இந்த ராஜ்யத்தில் 2021-ல் தொடங்கியது. விரலில் ஒரு சொட்டு இரத்தம் கொடுக்கப் பயப்படாதீர்கள். டப்பாவுக்குக் கொடுக்கிற இரத்தம் அதைவிட அதிகம்.

கடைசியாக, நம் தோழர் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒன்றரை ஷிப்டுக்குப் பிறகு களைப்பு வராமல் இருக்க வழி என்ன? களைப்பு என்பது வியாதி அல்லவே. காலையில் ஒரு டீயும் பன்னும், மத்தியானம் அவசர அவசரமாக நான்கு கவளம், பஞ்சுத் தூசி பறக்கும் அறை, இரவில் ஐந்து மணி நேரத் தூக்கம், இவ்வளவுக்குப் பிறகும் களைக்காத உடம்பு இருந்தால்தான் அதை டாக்டரிடம் காட்ட வேண்டும். வேளைக்கு வயிறாரச் சோறு, பருப்பு, முட்டை, கீரை, காற்றோட்டமுள்ள அறை, போதுமான தூக்கம், உழைப்புக்கேற்ற கூலியும் ஓய்வும். இவைகளைக் கேட்டுப் பெற வேண்டிய இடம் வேறு. அங்கே கேட்கத் துணிவில்லாதவன்தான் டப்பாவிடமும் தாயத்திடமும் பலத்தைக் கேட்கிறான். கேட்க வேண்டிய இடத்தை மறக்கச் செய்வதுதான் இந்த இரண்டு சரக்குக்கும் உள்ள பெரிய சக்தி.

ஆகையால் தோழர்களே! எவர் வந்து எதைச் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தச் சரக்கை வைத்துப் பரீட்சை செய்தார்கள், நீ விற்பது அதே சரக்கா? யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், அவர்களும் நானும் ஒன்றா? எது கூடியது, அது கூடியதால் எனக்கு என்ன லாபம்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்ல முடியாதவன், காவி கட்டியிருந்தாலும் சரி, வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தாலும் சரி, அவனிடத்தில் காசை எடுக்காதீர்கள்.

நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆப்பச்சோடாவும் எலுமிச்சம்பழமும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. நாளைக் காலையில் பிழிந்து பாருங்கள். அது பொங்குகிறதா இல்லையா என்று உங்கள் கண்ணே சொல்லும். மற்றதை உங்கள் அறிவைக் கொண்டு யோசித்து, சரி என்று பட்டால் ஏற்றுக் கொள்ளுங்கள். இல்லையென்றால் தள்ளி விடுங்கள் என்று சொல்லி இதை முடித்துக் கொள்ளுகிறோம்.